யூ-டர்ன் அக்கா

முதல் ஞாயிற்றுக்கிழமையே அக்கா எங்களை ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுக்குக் கூட்டிப்போய், அணைத் தண்ணீரைக் காட்டாமலே திருப்பி அழைத்துவந்துவிட்டார்.

அதுவரை எனக்கு நடைப்பழக்கம் கிடையாது. ஏர்கோன் பழுதுபார்க்கும் வேலை. நாள் முழுக்க ஏணியில் ஏறி இறங்குகிறவனுக்கு வேறு உடற்பயிற்சி எதற்கு என்று இருந்துவிட்டேன். இரத்தத்தில் சர்க்கரை ஏறிய பிறகு டாக்டர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: ஒன்று நடங்கள், இல்லையென்றால் ஊசிக்குத் தயாராகுங்கள். என் மனைவி செல்விதான் விசாரித்துக்கொண்டு வந்தாள். பினாங்கு ஜெலுத்தோங்கில் நாங்கள் இருக்கும் அதே பிளாட்டில் எட்டாவது மாடியில் ஓர் அக்கா இருக்கிறாராம். வார நாட்களில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமையானால் அதே வேனில் பெரியவர்களை ஏற்றிக்கொண்டு காடு, மலை, அணை என்று போய்வருவாராம்.

போனோம். வேனுக்குள் பிஸ்கட் தூள் வாசம். இருக்கைகளின் முதுகில் பிள்ளைகள் ஒட்டிய கார்ட்டூன் படங்கள். அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். குட்டையான உருவம், சத்தமில்லாத நடை. தலையில் அகலமான ஓலைத் தொப்பி. காற்றில் பறக்காமலிருக்க அதை ஒரு பள்ளிக்கூட டையால் தாடைக்குக் கீழே கட்டியிருந்தார். எந்தப் பிள்ளையோ வேனில் மறந்துவிட்டுப் போனது. ஆறு மாதம் கேட்டும் யாரும் உரிமை கொண்டாடவில்லையாம்.

அணைக்குப் போகும் சாலை செங்குத்தாக ஏறும். கடைசி வளைவுக்கு முன்னால் எனக்கு மூச்சு முட்டியது. ஆனால் அணைச்சுவர் மரங்களுக்கு நடுவே தெரிந்துவிட்டதால் கால் தானாக எட்டுவைத்தது. அப்போது அக்கா நின்றார். மலைக்குப் பின்னால் இருந்த ஒரு மேகத்தைப் பார்த்தார்.

"சரி, திரும்பலாம்."

"அக்கா, இன்னும் அஞ்சு நிமிஷம்தானே லா!" என்றார் எங்களோடு வந்த ஓய்வுபெற்ற தபால்காரர்.

"அஞ்சு நிமிஷம் போறதுக்கு. வர்றதுக்கு?"

திரும்பினோம். மழை பெய்யவில்லை. ஒரு பொட்டுத் தூறல்கூட இல்லை. நாங்கள் சந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புளிப்பு மீன்குழம்பு ஊற்றிய லக்சா நூடுல்ஸ் சாப்பிட்டபோது வெயில் மண்டையைப் பிளந்தது. தபால்காரர் வானத்தைக் காட்டி, "எங்கக்கா மழை?" என்று கேட்டார்.

"பெய்யலையா? நல்லதுதானே," என்றார் அக்கா, இன்னொரு கரண்டி குழம்பை உறிஞ்சிக்கொண்டே.

அவரிடம் நான் முதலில் கவனித்தது இதைத்தான். தான் சொன்னது தப்பாகிப் போனால் நாமெல்லாம் ஏதாவது காரணம் சொல்வோம். மேகம் கறுப்பாகத்தான் இருந்தது, காற்று திசை மாறிவிட்டது என்று. அக்கா எதுவும் சொல்லமாட்டார். வெட்கமும் படமாட்டார். தப்பாகப் போனதில் அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம் மாதிரி தெரியும்.

நான்கு மாதத்தில் அதே அணைக்கு மூன்று முறை போய், ஒரே ஒரு முறைதான் தண்ணீரைப் பார்த்தோம். தாவரப் பூங்காவுக்குப் பின்னாலிருக்கும் காட்டுவழியில் ஒருமுறை பாதியில் திரும்பினோம். அன்றைக்குக் காரணம் என் மூச்சு. "உங்க மூச்சு விசில் அடிக்குது தம்பி. மத்தவங்களுக்கு உங்களால லேட்டாகுதுன்னு நினைக்காதீங்க. எனக்கும் காலு வலிக்குதுன்னு வச்சுக்குங்க," என்றார். இன்னொரு முறை முன்னால் போன ஒரு குரங்குக் கூட்டம் சட்டென்று அமைதியானதற்காகத் திரும்பினார். ஏன் என்று கேட்டதற்கு, "தெரியல. அதுங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்," என்று மட்டும் சொன்னார்.

யூ-டர்ன் அக்கா என்று பெயர் வைத்தது தபால்காரர்தான். அக்காவின் காதுக்கு அது போகாமல் இருக்காது என்று பயந்தோம். போனது. அடுத்த வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவின் பெயரையே 'யூ-டர்ன்' என்று மாற்றி, வேனின் படத்தையும் போட்டுவிட்டார்.

ஆனால் எல்லோராலும் அதைச் சிரித்துக் கடக்க முடியவில்லை. தபால்காரருக்கு அறுபத்தாறு வயது. முட்டி தேய்ந்துகொண்டிருந்தது. அது முழுசாகப் போவதற்குள் பினாங்கு மலை உச்சிக்கு ஒருமுறையாவது நடந்தே ஏறிவிடவேண்டும் என்பது அவர் ஆசை. அக்கா அவரை இரண்டு முறை உச்சிக்குக் கொஞ்சம் கீழேயே திருப்பிவிட்டார். இரண்டாவது முறை அவர் நடுவழியில் நின்று சத்தம் போட்டார். "நீங்க உசுரோட கொண்டாந்து விடறீங்க, சரி. ஆனா எங்கயும் கொண்டு போகலையே!" என்றார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. வேறொரு குழுவோடு சேர்ந்து, இரண்டே மாதத்தில் உச்சியில் நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பினார்.

அக்கா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "முட்டிக்கு உறை போட்டிருக்காரு. நல்லது," என்று சொல்லிவிட்டு, அவருக்கு வாட்ஸ்அப்பில் நான்கைந்து பூங்கொத்துப் படங்களை அனுப்பினார். எனக்குத்தான் எரிச்சலாக இருந்தது. அந்த மனிதரின் ஆசையைத் தடுத்தது ஜாக்கிரதையா, வெறும் பயமா? வீட்டில் செல்வியிடம்கூடக் கேட்டேன், "இந்தம்மா பயந்தாங்கொள்ளியா?" என்று. அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

சந்தேகத்தைக் கூட்டியது அந்த வருடத் தைப்பூசம். அக்கா தன் மகளின் உடல்நலத்துக்காக வேண்டிக்கொண்டு நாற்பத்தெட்டு நாள் விரதமிருந்து தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்தார். நாங்கள் அடிவாரத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தோம். படிக்கட்டு முழுக்க மஞ்சளும் காவியுமாக மனிதர்கள் ஏறிக்கொண்டிருக்க, ஓரமாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மஞ்சள் சேலையில் ஒருவர் மட்டும் இறங்கி வந்தார். பார்த்தால் அக்கா. தலையில் குடம் இல்லை.

"என்னக்கா ஆச்சு? குடம் எங்க?" செல்வி பதறிப்போனாள்.

"பாதிப் படியில தலை சுத்துச்சு. பின்னால வந்த ஒரு தங்கச்சிகிட்ட கொடுத்து, சேர்த்து ஊத்திடும்மான்னு சொல்லிட்டேன்."

"ஐயோ, நேர்த்திக்கடனாச்சே!"

"பால் மேல போயிருச்சு செல்வி. கூடவே நானும் வரணும்னு முருகன் கேட்டாரா?" மோரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். "நான் மயங்கி விழுந்தா எனக்குப் பின்னால நூறு பேரு. என் வேண்டுதலுக்கு அவங்க ஏன் உருளணும்?"

சொல்வது நியாயம்தான். ஆனாலும் நாற்பத்தெட்டு நாள் விரதம் கிடந்து, சந்நிதியைப் பார்க்காமல் இறங்கிவர யாருக்கு மனசு வரும்? அவருக்கு வந்தது.

இப்படியே பிறந்தவரா என்று ஒருமுறை கேட்டேன். பாலேக் பூலாவ் சாலையோரத்தில் வேனை நிறுத்திவிட்டு மங்குஸ்தீன் உரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்கா விரலெல்லாம் ஊதா நிறச் சாறோடு சிரித்தார்.

"பிறக்கறப்ப நேராத்தான் வந்தேன் தம்பி. திரும்பக் கத்துக்கிட்டது இருபத்தாறு வயசுல."

அப்போது அவர் குடும்பம் பட்டர்வொர்த்தில் இருந்தது. மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கல்யாணம் நிச்சயமாகி, அழைப்பிதழும் அடித்தாகிவிட்டது. மாப்பிள்ளையோடும் அவர் தங்கையோடும் முகூர்த்தச் சேலை எடுக்க ஃபெர்ரியில் பினாங்குக்குக் கிளம்பியிருக்கிறார். படகு நடுக்கடலில் ஆடியபோது ஒரு சீனக் கிழவரின் கூடை சரிந்து மாப்பிள்ளையின் சப்பாத்து போட்ட காலில் பட்டது. அவர் கூடையை எட்டி உதைத்தார். உள்ளே இருந்த முட்டைகள் தரையில் உடைந்து ஓடின. கிழவர் குனிந்து முழு முட்டைகளைத் தேடி எடுக்க, மாப்பிள்ளை அதைப் பார்த்துச் சிரித்தாராம்.

"கோபத்துல உதைச்சிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். சிரிச்சாரு பாருங்க, அதான்." கரை வந்ததும் எல்லோரும் இறங்கினார்கள். அக்கா இறங்கவில்லை. "அவரு கரையில நின்னு வா வான்னு கத்துறாரு. நான் பெஞ்சில உட்கார்ந்தே இருந்தேன். படகு கிளம்பிருச்சு. அந்தக் காத்து இருக்கே தம்பி, அவ்வளவு நல்லா இருந்துச்சு."

வீட்டில் பெரிய ரகளை. அம்மா ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "கார்டு அடிச்சாச்சே, கார்டு அடிச்சாச்சேன்னு எல்லாரும் அழறாங்க. கார்டு அடிச்சதுக்காக யாராச்சும் கல்யாணம் பண்ணுவாங்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பழத்தை உரித்தார். பிறகு கட்டிக்கொண்ட லோரி ஓட்டுநரைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். ஆனால் அவர் பேச்சு வந்தாலே அக்காவின் குரல் கொஞ்சம் இறங்கி மெத்தென்று ஆகிவிடும்.

இதெல்லாம் தெரிந்தும், அந்த ஏரிப் பயணத்தன்று நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

செல்வியின் அண்ணன் நீண்ட வார விடுமுறைக்குக் கிள்ளானிலிருந்து வந்திருந்தார். எனக்கு மச்சான். தினமும் ஜிம்முக்குப் போகிறவர், கினாபாலு மலை ஏறியவர். ஏறியதை ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது ஞாபகப்படுத்துகிறவர். தெலுக் பஹாங்குக்கு அந்தப் பக்கம், தேசியப் பூங்காக் காட்டைத் தாண்டி, கெராச்சுட் கடற்கரையில் ஒரு ஏரி இருக்கிறது. அடியில் கடல் உப்புத் தண்ணீர், அதன்மேல் காட்டிலிருந்து வரும் நல்ல தண்ணீர். இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கும் என்பார்கள். சில மாதங்களில் ஏரியே இருக்காது, வெறும் மணல்தான். மச்சான் அதை ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டு, பார்த்தே ஆகவேண்டும் என்றார். அக்காவிடம் சொன்னேன். "மழை பெஞ்சிருக்கு, ஏரி நிறைஞ்சிருக்கும். போகலாம்," என்றார்.

எட்டுப் பேர் கிளம்பினோம். வேனில் எல்லோருக்கும் தேங்காய்ப்பாலில் வேகவைத்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கொடுத்தார். மச்சான் வேண்டாம் என்றுவிட்டார். காலையில் கறுப்புக் கோப்பி மட்டும்தான், அதுதான் உடம்புக்கு நல்லது என்றார்.

காட்டுக்குள் முக்கால் மணி நேரம் நடந்திருப்போம். வெயில் இலைகளுக்கு நடுவே காசு காசாக விழுந்துகொண்டிருந்தது. ஒரு சிற்றோடையைத் தாண்டும்போது அக்கா குனிந்து தண்ணீரைக் கையில் அள்ளினார்.

"கலங்கி வருது. இங்க ஒரு சொட்டு மழை இல்ல. மேல எங்கயோ நல்லாப் பெய்யுது." கையை உதறினார். "திரும்பலாம்."

மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, இது மலையே இல்ல லா. சும்மா ஏத்தம். நான் கினாபாலு ஏறினவன்."

"ஏறினவரு இறங்கியும் இருப்பீங்கல்ல?"

மற்ற நால்வரும் சிரித்தார்கள். மச்சானின் முகம் மாறியது. என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை, நீங்க எப்படி? நீங்களும் யூ-டர்னா?"

மனைவியின் அண்ணன் அப்படிக் கேட்டால் என்ன செய்வது? தபால்காரரின் உச்சிப் படம் வேறு மனதில் வந்து நின்றது. "நாங்க போயிட்டு வர்றோம்க்கா," என்றேன். செல்வி என் சட்டையை லேசாகப் பிடித்து இழுத்தாள். நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அக்கா தடுக்கவில்லை, முகத்தையும் தூக்கவில்லை. எந்த வழியாகப் போவீர்கள், திரும்பும்போது நடையா படகா, எவ்வளவு தண்ணீர் வைத்திருக்கிறீர்கள் என்று மூன்று கேள்விகள் கேட்டார். தன் பையிலிருந்த வாழைப்பழங்களைச் செல்வியிடம் கொடுத்தார். "மூணு மணிக்கு நான் பூங்கா வாசல்ல படகு வர்ற எடத்துல நிப்பேன். வரலைன்னா ஆளக் கூட்டிட்டு வருவேன்," என்று சொல்லிவிட்டு நால்வரோடும் திரும்பி நடந்தார். நாங்கள் மூவரும் மேலே ஏறினோம்.

அரை மணி நேரத்தில் மழை பிடித்தது. மழை என்றால் சாதாரண மழை இல்லை. எதிரிலிருப்பவர் முகம் தெரியவில்லை. பாதை ஓடையாகி, கால்களுக்கு நடுவே மண்ணும் சருகுமாக ஓடியது. மரத்தடிகளில் ஒதுங்கி ஒதுங்கி இறங்கினோம். ஓரிடத்தில் பெரிய மரம் ஒன்று வேரோடு சாய்ந்து வழியை அடைத்துக் கிடந்தது. மச்சான் இடதுபக்கம் ஒரு பழைய ஒற்றையடித்தடத்தைக் கண்டுபிடித்தார். "இது கடலுக்குத்தான் போகும். கரையோரமாவே நடந்து ஏரிக்குப் போயிடலாம்," என்றார்.

அது திரும்பவேண்டிய இடம் என்று எனக்குத் தெரியும். என் மனசுக்குள் அக்காவின் குரலே கேட்டது. ஆனால் ஒருமுறை திரும்பமாட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்தியவனுக்கு இரண்டாவது முறை வாய் வருவதில்லை. வேர்களைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் இறங்கினோம்.

கீழே வந்ததும் பாறை. பாசி படிந்த ஒரு பாறையில் மச்சான் கால் வைத்த வேகத்தில் வழுக்கினார். மழைச் சத்தத்தையும் மீறி அந்த முறிகிற ஓசை எனக்குக் கேட்டது.

நாங்கள் மாட்டிக்கொண்டது இரண்டு பூப்பந்து மைதானம் அளவுக்கு மணல் கிடந்த ஒரு சின்ன வளைகுடா. மூன்று பக்கமும் பாறையும் காடும், முன்னால் கடல். நாங்கள் இறங்கி வந்த தடம் அதற்குள் சேற்று அருவியாகிவிட்டது. தொண்ணூறு கிலோ மனிதரைத் தூக்கிக்கொண்டு அதில் ஏற முடியாது. கைத்தொலைபேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. மச்சானை ஒரு பாறைக்கு அடியில் இழுத்துக்கொண்டுபோய்ப் படுக்கவைத்தோம். கணுக்கால் பப்பாளி மாதிரி வீங்கியது. அதைவிட அவர் முகம்தான் எங்களைப் பயமுறுத்தியது. வெளுத்துப்போய், மழையோடு மழையாக வியர்த்துக்கொண்டிருந்தார்.

"செல்வி, நெஞ்சு அடைக்குதும்மா," என்றார்.

அவர்களுடைய அப்பா ஐம்பத்திரண்டு வயதில் மாரடைப்பில் போனவர். அண்ணனுக்கு அப்போது ஐம்பது. செல்வி அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மழை முகத்தில் விழாமல் இரண்டு கைகளையும் விரித்துப் பிடித்தாள். நான் வாழைப்பழத்தை உரித்து நீட்டினேன். அவர் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் இவள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

நான்கு மணி இருக்கும். மழை குறைந்து கடல் மட்டும் பொங்கிக்கொண்டிருந்தது. இயந்திரச் சத்தம் கேட்டது. மூலைப் பாறையைச் சுற்றிக்கொண்டு ஒரு படகு வந்தது. அதில் படகுக்காரரைத் தவிர ஒரே ஓர் ஆள். ஓலைத் தொப்பி.

"அக்கா! அக்கா!" நான் சட்டையைக் கழற்றி ஆட்டினேன். செல்வி கையை ஆட்டினாள், மச்சான் தலையைத் தூக்கிப் பார்த்தார். தொப்பி எங்கள் பக்கம் திரும்பியது. பார்த்துவிட்டார், நன்றாகத் தெரிந்தது. படகு பாறைகளுக்கு நேராக வந்தது. ஒரு அலை அதைத் தூக்கிப் பக்கவாட்டில் சாய்த்தது. மறுபடி வந்தது, மறுபடி சாய்ந்தது. பிறகு மெதுவாக வளைந்து, வந்த பக்கமே திரும்பிப் போனது.

"போறாங்க," என்றாள் செல்வி. "என்னங்க, விட்டுட்டுப் போறாங்க!"

மடியில் படுத்திருந்த மச்சான் கண்ணைத் திறந்து, "உங்க யூ-டர்ன் அக்கா," என்று முனகினார்.

நான் ஈர மணலை அள்ளிக் கடலை நோக்கி வீசினேன். என் வாழ்நாளில் ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்லாத வார்த்தைகளையெல்லாம் அந்தப் படகைப் பார்த்துக் கத்தினேன். தொண்டை கட்டிக்கொள்ளும்வரை கத்தினேன். இயந்திரச் சத்தம் அடங்கிப்போனது. அதற்குப் பிறகு அலைச் சத்தம் மட்டும்தான்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அப்போது தலைக்கு மேலே, காட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"தம்பி! எந்தப் பக்கம் ரொம்ப வழுக்குது? வலதா, இடதா?"

செல்விதான் முந்திக்கொண்டு, "இடதுக்கா! இடது பக்கம் வராதீங்க!" என்று அலறினாள்.

மரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு முதலில் இரண்டு மலாய்க்காரர்கள் இறங்கினார்கள். பூங்காவில் வேலை செய்கிறவர்கள். மடக்குத் தூக்குப்படுக்கை ஒன்று அவர்கள் முதுகில் இருந்தது. அவர்களுக்குப் பின்னால், முகத்தை மலைப்பக்கம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக ஊன்றி ஊன்றி, இடுப்புவரை சேற்றோடு அக்கா இறங்கிவந்தார். எங்களைத் திட்டவில்லை. நேராக மச்சானிடம் போய் உட்கார்ந்தார். அவர் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"வாயத் திறங்க." ஒரு மிட்டாயை உள்ளே போட்டார். "காலையில நாசி லெமாக் வேணாம்னீங்க. பார்த்தேன். அதுக்கப்புறம் என்ன சாப்பிட்டீங்க?"

மச்சான் இல்லை என்று தலையாட்டினார். சிறுபிள்ளை மாதிரி அழ ஆரம்பித்துவிட்டார்.

அவரைப் படுக்கையில் கட்டி, கயிற்றால் மேலே ஏற்றி, ஐந்து பேருமாக மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு கெராச்சுட் கடற்கரைக்கு வந்து சேரும்போது வெளிச்சம் மஞ்சளாகியிருந்தது. மிட்டாயும் அக்கா ஊட்டிய ரொட்டியும் உள்ளே போனதில் மச்சானின் முகத்துக்குக் கொஞ்சம் இரத்தம் திரும்பியிருந்தது. மரங்கள் விலகியதும் தண்ணீர் தெரிந்தது. கடல் இல்லை, கடலுக்கு இந்தப் பக்கம் அசையாமல் கிடந்த தண்ணீர். மழையில் நிறைந்து, மேலே மெல்லிய ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

மச்சான் தூக்குப்படுக்கையிலிருந்து தலையைத் தூக்கினார். "இதுதானா அது?"

"இதுதான்," என்றார் அக்கா.

"மாப்பிள்ளை, ஒரு போட்டோ எடுங்க."

செல்விதான் முதலில் சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். படுக்கையைத் தூக்கியிருந்த மலாய்க்காரர்களுக்கு என்னவென்று புரியாமல் அவர்களும் சிரித்தார்கள். கைப்பேசியில் தண்ணீர் புகுந்து படம் எடுக்க முடியவில்லை.

கடல் அடங்கியிருந்தது. அக்கா படகுத்துறையின் நுனியில் நின்று கொஞ்ச நேரம் அலையைப் பார்த்தார். "இப்ப போகலாம்," என்றார். அதே படகுக்காரர் வந்து எங்களை ஏற்றிக்கொண்டார்.

மருத்துவமனையில் மச்சானை உள்ளே கொண்டுபோனார்கள். செல்வி கூடப் போனாள். நானும் அக்காவும் வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். எங்கள் கால்களைச் சுற்றிச் சேற்றுத் தண்ணீர் தேங்கியது. யாரோ கொடுத்த சூடான மைலோவை அவர் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, படகு திரும்பினப்ப உங்கள ரொம்பக் கெட்ட வார்த்தையில திட்டிட்டேன்."

"தெரியும். நீங்க மண்ணு வீசினதே தெரிஞ்சுது."

"படகுக்காரருதானே திரும்பினாரு?"

"இல்ல தம்பி. அவரு இன்னொரு தடவை பார்க்கலாம்னாரு. நான்தான் வேணாம்னேன்."

"எங்களப் பார்த்த பிறகுமா?"

அக்கா மைலோவை ஒரு வாய் குடித்தார். "பார்க்காம இருந்திருந்தா திரும்பியிருக்கவே மாட்டேன். கவுந்தாலும் பரவாயில்லன்னு தேடிக்கிட்டே இருந்திருப்பேன். ரெண்டு மணியிலேருந்து மனசுல என்னென்னமோ ஓடிக்கிட்டிருக்கு. பாறையைத் தாண்டினதும் பார்த்தேன். ஒருத்தரு சட்டையை ஆட்டுறாரு, ஒருத்தங்க கையை ஆட்டுறாங்க, படுத்திருந்தவரு தலையைத் தூக்கிப் பார்த்தாரு. மூணு பேரு. மூணு பேருக்கும் உசுரு இருக்கு. எடமும் தெரிஞ்சுபோச்சு, இனி ஆளோட காட்டுவழியா வந்துடலாம். அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு."

அப்போதுதான் பார்த்தேன், அவர் கையிலிருந்த மைலோ குவளையின் விளிம்பைத் தாண்டித் தளும்பிக்கொண்டிருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு செல்வி வந்தாள். "நெஞ்சுல ஒண்ணும் இல்லையாம்! பயமும் பசியும்தானாம். கால்தான், ரெண்டு இடத்துல முறிஞ்சிருக்கு. கட்டு போட்டா சரியாயிடுமாம்." சொல்லிக்கொண்டே வந்தவள் அக்காவின் மேல் அப்படியே சாய்ந்துவிட்டாள். அக்கா அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார், வேனில் தூங்கிப்போன பிள்ளையை எழுப்பாமல் தட்டுகிற மாதிரி.

செல்வி அண்ணனோடு தங்கிக்கொண்டாள். நானும் அக்காவும் வெளியே வந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. வேனின் சாவியை அவர் யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு நீட்டினார்.

"நீங்க ஓட்டுங்க தம்பி. எனக்குக் கை ஆடுது. காலையில அஞ்சரைக்குப் பிள்ளைங்க நிப்பாங்க, கொஞ்சம் கண்ண மூடிக்கிறேன்."

இதெல்லாம் நடந்து பல வருடமாகிவிட்டது. அக்கா ஜொகூருக்கு மகளோடு போய்விட்டார். மச்சான் இப்போது காலையில் நாசி லெமாக் சாப்பிடுகிறார். எனக்கு அந்த நாளை நினைத்தால் கடலும் பாறையும் முதலில் வருவதில்லை. முதல் சிக்னல் வருவதற்குள்ளாகவே என் பக்கத்து இருக்கையில் கண்ணாடியில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு, ஒரு லோரி மாதிரி குறட்டை விட்டுத் தூங்கிய அந்த முகம்தான் வருகிறது. குலுங்கினால் விழித்துவிடுவாரோ என்று ஜெலுத்தோங் வரைக்கும் நாற்பதுக்கு மேல் ஓட்டவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள். அடித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.